தோற்றுப்போன கைத்துப்பாக்கியைத் தேடுகிறவர்கள்

சேலை மடிப்பில் குத்தும் ஊக்கைக் கண்டுபிடித்தவர் வால்டர் ஹண்ட் என்ற நியூயார்க் இயந்திரக் கலைஞர். 1849ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அதற்குக் காப்புரிமை பெற்றார். கையில் இருந்த 15 டாலர் கடனை அடைக்க அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்று சொல்வார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவர் இன்னொரு காப்புரிமையும் வாங்கினார். அது ஒரு துப்பாக்கிக்கு. ஊக்கு இன்றும் நம் வீடுகளில் புழங்குகிறது. அந்தத் துப்பாக்கியோ சரியாகச் சுடவே இல்லை. ஆனால் அதன் வழித்தோன்றல்களான சில கைத்துப்பாக்கிகளை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இன்று ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள்.

அவை 'லீவர் ஆக்‌ஷன்' கைத்துப்பாக்கிகள். விசைக்குக் கீழே வளையம் போல ஒரு நெம்புகோல் இருக்கும். அதை முன்னால் தள்ளி, பின்னால் இழுத்தால் அடுத்த குண்டு தானாகக் குழலுக்குள் ஏறிவிடும். கௌபாய் படங்களில் குதிரைமேல் இருந்தபடி நீளத் துப்பாக்கியை 'சடக் சடக்' என்று இயக்குவார்களே, அதே ஏற்பாடுதான். அது முதலில் விற்பனைக்குப் பரவலாக வந்தது நீளத் துப்பாக்கியாக அல்ல, கைத்துப்பாக்கியாக. 1854 முதல் சில ஆண்டுகள் மட்டுமே அது தயாரானது. சந்தையில் தோற்றது. அந்தத் தோல்வியிலிருந்துதான் இரண்டு பெரிய நிறுவனங்கள் பிறந்தன.

குண்டுக்குள்ளேயே மருந்து

அன்றைய துப்பாக்கியில் ஒரு முறை சுட்டால், மறுபடி மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கம்பியால் இடித்து, பற்றவைக்கும் தொப்பியைப் பொருத்த வேண்டும். ஹண்ட் 1848இல் இதற்கு ஒரு மாற்றுவழி கண்டார். ஈயக் குண்டின் பின்புறத்தைக் குடைந்து, அந்தக் குழிக்குள்ளேயே வெடிமருந்தை அடைத்து, தக்கையால் மூடிவிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ராக்கெட் பால்'. தக்கையின் நடுவில் ஒரு துளை. வெளியே தனியாக வைத்த பற்றவைப்பானின் தீ அதன் வழியாக உள்ளே போகும். பிறகு வந்தவர்கள் பற்றவைப்பானையும் குண்டின் அடியிலேயே சேர்த்துவிட்டார்கள். பாதரச ஃபல்மினேட் என்ற சேர்மம் அதற்கு உதவியது. ஓர் ஓங்கு தட்டு போதும், தீப்பிடிக்கும். தீபாவளிக்குப் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் வைத்துச் சுடும் பொட்டு வெடியில் மருந்து வேறு, தத்துவம் ஒன்றுதான்.

யோசனை நேர்த்தியானது. சுட்ட பிறகு வெளியே எடுத்துப் போட வெற்று உறை எதுவும் மிஞ்சாது. முழுப் பொருளும் குழல் வழியாகப் பறந்துவிடும். ஆனால் இதற்குள்ளேயே ஒரு முடிச்சு இருந்தது. மருந்து அதிகம் வேண்டுமென்றால் குழியைப் பெரிதாக்க வேண்டும். குழி பெரிதானால் ஈயச் சுவர் மெலியும், குண்டின் எடை குறையும். எடை குறைந்த குண்டுக்குத் தாக்கும் வலு இல்லை. மெலிந்த சுவர் அழுத்தத்தில் கிழிந்தும் போகலாம். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். ஆகவே ராக்கெட் பால் கடைசிவரை வலுவற்றதாகவே இருந்தது.

இரண்டாவது குறை, வாயு. உலோக உறை உள்ள இக்காலத் தோட்டா வெடிக்கும்போது அந்த மெல்லிய உறை ஒரு கணம் விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. சூடான வாயு பின்பக்கம் கசியாமல் அதுவே அடைத்துவிடுகிறது. ராக்கெட் பாலுக்கு உறை கிடையாது. வாயு பின்னால் கசிந்தது, கரி படிந்தது, இயந்திரம் சிக்கியது. மூன்றாவது குறை, வெடிக்காமல் போன குண்டு. உறையின் விளிம்பைக் கவ்வி இழுக்கும் கொக்கி இந்தத் துப்பாக்கியில் இல்லை, ஏனென்றால் விளிம்பே இல்லை. ஒரு குண்டு ஏமாற்றிவிட்டால், குழலின் வாய்வழியாகக் கம்பியை விட்டு அதைப் பின்னுக்குத் தள்ள வேண்டியதுதான். எதிரி நிற்கும்போது அதற்கு நேரம் இருக்குமா?

கை மாறிய கதை

ஹண்ட் கண்டுபிடிப்பார், விற்றுவிடுவார். துப்பாக்கி உரிமையும் அப்படியே ஜார்ஜ் ஆரோஸ்மித் என்பவரிடம் போனது. அவரிடம் பணியாற்றிய லூயிஸ் ஜென்னிங்ஸ் அமைப்பை எளிமையாக்கி 1849 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். பிறகு கோர்ட்லண்ட் பால்மர் என்ற முதலீட்டாளர் எல்லா உரிமைகளையும் வாங்கினார். தயாரிக்கும் வேலை வெர்மான்ட் மாநிலத்தின் வின்ட்சர் ஊரில் இருந்த ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் ஆலைக்குப் போனது.

அந்த ஆலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு துப்பாக்கியின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் அப்படியே பொருத்தலாம் என்ற அளவுக்குத் துல்லியமாக இயந்திரத்தால் கடைந்தெடுத்த முன்னோடிகள் அவர்கள். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அவர்கள் வைத்த துப்பாக்கிகளைப் பார்த்து வியந்த பிரிட்டிஷார், பின்னர் தங்கள் என்ஃபீல்டு ஆலைக்கு அவர்களிடமிருந்தே இயந்திரங்களை வாங்கினார்கள். இன்று அந்தக் கட்டடம் 'அமெரிக்கன் பிரிசிஷன் மியூசியம்' என்ற பெயரில் அருங்காட்சியகமாக நிற்கிறது. நம் கதையில் வரும் பெஞ்சமின் டைலர் ஹென்றி அங்கே வேலை பார்த்தவர்தான்.

ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் ஆகிய இருவரும் ஜென்னிங்ஸ் அமைப்பை மேலும் திருத்தி 1854 பிப்ரவரி 14ஆம் தேதி காப்புரிமை பெற்றார்கள். பால்மரின் பணத்துடன் கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் நகரில் கைத்துப்பாக்கி தயாரித்தார்கள். 1855இல் புதிய முதலீட்டாளர்கள் வந்து நிறுவனத்தை வாங்கி 'வால்கானிக் ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் கம்பெனி' என்று பெயர் மாற்றினார்கள். வால்கானிக் என்றால் எரிமலை சார்ந்தது. பெயரில் இருந்த நெருப்பு குண்டில் இல்லை. 1856இல் ஆலை நியூ ஹேவன் நகருக்கு இடம் மாறியது. 1857இல் நிறுவனம் நொடித்துப்போனது. முதலீட்டாளர்களில் ஒருவர் ஆலிவர் வின்செஸ்டர், சட்டை தைத்து விற்றுப் பணம் சேர்த்தவர். அவர் சொத்துகளை எடுத்துக்கொண்டு 'நியூ ஹேவன் ஆர்ம்ஸ் கம்பெனி'யைத் தொடங்கினார்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்ததுதான். வின்செஸ்டரின் ஆலைக்கு மேற்பார்வையாளராக வந்த ஹென்றி, ராக்கெட் பாலைத் தூக்கி எறிந்துவிட்டு, செம்பு உறை கொண்ட 0.44 அங்குலத் தோட்டாவுக்கு ஏற்ப இயந்திரத்தை மாற்றி 1860 அக்டோபரில் காப்புரிமை பெற்றார். உறையைக் கவ்வி வெளியே இழுக்கும் கொக்கியும் இப்போது சேர்ந்தது. அந்தத் தோட்டாவில் ஏறத்தாழ 14 கிராம் எடையுள்ள குண்டும், அதன் பின்னால் தனி உறையில் தாராளமான மருந்தும் இருந்தன. குண்டும் மருந்தும் ஒரே குழிக்குள் இடத்துக்குச் சண்டை போடவில்லை. 1866இல் நிறுவனம் 'வின்செஸ்டர்' என்ற பெயர் பெற்றது. ஸ்மித்தும் வெஸ்ஸனும் தனியே போய், 1857இல் உலோகத் தோட்டா போடும் சிறிய சுழல் துப்பாக்கியைக் கொண்டுவந்து வெற்றி கண்டார்கள். வின்செஸ்டர், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற இரண்டு மரங்களுக்கும் வேர் ஒன்றே.

முழங்கை மடங்கினால் திறக்கும்

இயந்திரத்தில் அழகான பகுதி, குழலின் பின்வாயைப் பூட்டும் முறை. உங்கள் கையை நேராக நீட்டிச் சுவரில் ஊன்றிப் பாருங்கள். சுவர் பக்கமிருந்து எவ்வளவு அழுத்தம் வந்தாலும் எலும்பே தாங்கிக்கொள்ளும், தசைக்கு வேலை இல்லை. முழங்கையைச் சற்றே மடக்குங்கள். இப்போது சிறு அழுத்தத்துக்கே கை மடங்கிவிடும். வால்கானிக் துப்பாக்கியின் அடைப்புத் தண்டுக்குப் பின்னால் இதேபோல இரண்டு துண்டு இணைப்பு இருக்கிறது. நெம்புகோலை மூடினால் அது நேராகிப் பூட்டிக்கொள்ளும். நெம்புகோலை முன்னால் தள்ளினால் மடங்கித் தண்டு பின்னுக்கு வரும். வரும் வழியில் சுத்தியலையும் பின்னுக்கு மடக்கிவிடும். குழலுக்கு அடியில் உள்ள நீளக் குழாயில் குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். சுருள்வில் அவற்றைப் பின்னோக்கித் தள்ளும். ஒரு தூக்கி அவற்றில் ஒன்றை மேலே உயர்த்திக் குழலுக்கு நேராக வைக்கும். நெம்புகோலைப் பின்னால் இழுத்தால் தண்டு அந்தக் குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும்.

இந்த முழங்கைத் தத்துவம் பிறகு மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியிலும், ஜெர்மனியின் லூகர் கைத்துப்பாக்கியிலும் வந்தது. ஆகவே தோற்றது இயந்திரமல்ல, அதற்குக் கொடுத்த தீனிதான் என்று நான் சொல்வேன்.

முழுக்கவும் அப்படிச் சொல்லிவிடவும் முடியாது. நெம்புகோல் நீளத் துப்பாக்கிக்குப் பொருந்தியது, கைத்துப்பாக்கிக்குப் பொருந்தவில்லை. நீளத் துப்பாக்கியின் அடிக்கட்டை தோளில் ஊன்றியிருக்கும், இடது கை முன்பகுதியைத் தாங்கும். வலது கை நெம்புகோலை இயக்கும்போது குறி அதிகம் கலையாது. கைத்துப்பாக்கியில் தாங்குவதற்குத் தோள் இல்லை. ஒரு கை பிடிக்க, மறு கை இயக்க என்று இரண்டு கையும் வேண்டும். கோல்ட் சுழல் துப்பாக்கிக்காரர் கட்டைவிரலால் சுத்தியலை மடக்கி ஒரே கையால் சுட்டுவிடுவார், மறு கையில் குதிரையின் கடிவாளம். போட்டி அங்கேயே முடிந்தது. 16 அங்குலக் குழலும், கழற்றி மாட்டும் தோள்கட்டையும் கொண்ட ஒரு வகையையும் வால்கானிக் நிறுவனம் விற்றுப் பார்த்தது. அந்தத் தோள்கட்டை தொலையாமல் இன்று கிடைப்பது அரிது.

எதைப் பார்த்து வாங்குகிறார்கள்?

குழலின் மேல் பொறித்த எழுத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். புதிதாக வருகிறவர் இடறுவதும் அங்கேதான். மூன்று நிறுவனங்களின் துப்பாக்கியிலும் 'பிப்ரவரி 14, 1854' என்ற ஒரே தேதி இருக்கும். அது காப்புரிமைத் தேதி, தயாரித்த தேதி அல்ல. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பெயரும் நார்விச் ஊரும் இருந்தால் அது முதல் காலத்தது. வால்கானிக் பெயர் இருந்தால் நடுவில் வந்தது. நிறுவனப் பெயர் இல்லாமல் நியூ ஹேவன் என்ற ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் கடைசிக் காலத்தது.

இரண்டாவது, உலோகம். நார்விச் துப்பாக்கிகளின் உடற்பகுதி இரும்பு, அதில் கொடி வேலைப்பாடு செதுக்கியிருக்கும். வால்கானிக் காலத்திலிருந்து அது பொன்னிறத்துக்கு மாறிவிட்டது. பேச்சில் பித்தளை என்பார்கள். உண்மையில் செம்போடு வெள்ளீயமும் கொஞ்சம் துத்தநாகமும் கலந்த பீரங்கி உலோகம். வார்ப்பதும் கடைவதும் எளிது, துருப்பிடிக்காது. மூன்றாவது, அளவு. குண்டின் விட்டம் 0.31 அங்குலம், 0.41 அங்குலம் என்று இரண்டு வகை. குழலின் நீளம் பெரும்பாலும் 3.5 அங்குலம் முதல் 8 அங்குலம் வரை. நார்விச்சில் தயாரானவை மொத்தமே இரண்டாயிரத்துக்கும் குறைவு என்பது சேகரிப்பாளர்களின் மதிப்பீடு. விலை ஏறுவதற்கு அது ஒன்றே போதும்.

விலை ஏறும் இடத்தில் போலியும் வரும். தேய்ந்த எழுத்தை மறுபடி வெட்டுவது, இரண்டு உடைந்த துப்பாக்கிகளைச் சேர்த்து ஒன்றாக்குவது, சாதாரண உடற்பகுதியில் புதிதாகக் கொடி வேலை செய்து அரியது என்று விற்பது, எல்லாம் உண்டு. பாகங்களின் உட்புறத்தில் உள்ள எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது முதல் படி. பூதக்கண்ணாடியில் எழுத்தின் விளிம்பைப் பார்ப்பது அடுத்தது. 1850களின் எழுத்துப் பள்ளத்துக்குள்ளும் பழுப்பேறியிருக்க வேண்டும். சுற்றிலும் கறுத்திருக்க, பள்ளம் மட்டும் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

இன்னும் உறுதி வேண்டுமானால் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி இருக்கிறது. நகைக்கடையில் தங்கத்தின் மாற்றுப் பார்க்க ஒரு பெட்டிக்குள் நகையை வைத்து, கீறாமல் உரசாமல் சதவீதம் சொல்வார்களே, அதே கருவிதான். எக்ஸ்-கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் திருப்பி ஒளிர்கிறது. அதை அளந்தால் எந்தத் தனிமம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மின்பகுப்பு முறையில் செம்பைத் தூய்மையாக்கும் தொழில் 1860களின் கடைசியில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய செம்பில் ஆர்செனிக், ஆண்டிமனி, ஈயம் போன்ற அழுக்குகள் சிறிதளவு தங்கியிருக்கும். 1856இல் வார்த்தது என்று சொல்லும் உடற்பகுதி மிகத் தூய்மையான செம்பும் துத்தநாகமும் மட்டுமே காட்டினால், விற்பவரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. ஒரு கேள்விதான், தீர்ப்பல்ல. கருவி மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். பழைய உலோகத்தை உருக்கி வார்த்த போலியை அது பிடிக்காது.

பளபளப்பு என்ற பகை

போலிக்காரர்களைவிட அதிக நாசம் செய்தவர்கள், நல்லெண்ணத்தோடு தேய்த்துத் துடைத்தவர்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது போல இதையும் தேய்த்துவிட்டார்கள். இரும்புப் பாகங்களுக்கு ஆலையில் கொடுத்த நீலப்பூச்சு உண்மையில் கட்டுப்படுத்திய ஒருவகைத் துரு, இரும்பின் கறுப்பு ஆக்சைடு. அது மெல்ல மெல்லப் பழுப்பாக மாறும். அந்தப் பழுப்பு படலம் உறுதியாக ஒட்டியிருக்கும்வரை அடியில் உள்ள இரும்புக்கு ஓரளவு காப்பு. அதைச் சுரண்டினால் புதிய இரும்பு வெளியே வரும், துரு புதிதாகத் தொடங்கும். பொன்னிற உலோகத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் மயிரிழை அளவு உலோகம் போகிறது. கூரான விளிம்பு மழுங்குகிறது, எழுத்து மங்குகிறது. அசல் மேற்பரப்பு போய்விட்டால் அது எப்போது, எந்தக் கருவியால் செய்யப்பட்டது என்பதற்கான சாட்சியும் போய்விடும். திரும்பக் கொண்டுவர வழியில்லை. ஏலத்தில் விலை சரிவதும் அதனால்தான்.

பித்தளைப் பாலிஷ்களில் சில அம்மோனியா கலந்தவை. அம்மோனியா என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவில் நடந்த ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகள் யாரும் தொடாமலே வெடித்துப் பிளந்திருந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக்காற்று, உறையை இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கம், இந்த மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. காரணத்தை 1921இல்தான் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். துத்தநாகம் குறைந்த பீரங்கி உலோகம் அவ்வளவு எளிதில் பிளக்காது. ஆனாலும் 160 ஆண்டுகளுக்கும் மேல் பழைய பொருளில் அந்தச் சோதனையை யார் செய்து பார்ப்பது?

பாதுகாப்பவர்கள் செய்வது மிகக் குறைவு. பருத்தித் துணியால் தூசி துடைப்பது, கையுறை போட்டுத் தொடுவது (வியர்வையில் உப்பு இருக்கிறது), நுண்படிக மெழுகை மெல்லிசாகப் பூசுவது, ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாத பெட்டியில் வைப்பது. பழைய தோல் உறைக்குள் வைத்துப் பூட்டுவது பார்க்க அழகு, ஆனால் தோலைப் பதப்படுத்திய அமிலம் உலோகத்தில் பச்சைக் களிம்பை வளர்க்கும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. பழைய துப்பாக்கி என்றால் காலி என்று அர்த்தமில்லை. பரணில் ஏற்றி வைத்தவர் குண்டோடு வைத்திருக்கலாம். வால்கானிக் குழாயில் குண்டுகள் வெளியே தெரியாது. சுருள்வில்லைத் தள்ளும் சிறிய நாக்கு குழாயின் பிளவில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அது கடைசிவரை பின்னால் வரவில்லை என்றால் நடுவில் ஏதோ இருக்கிறது. துருவாக இருக்கலாம், ராக்கெட் பாலாகவும் இருக்கலாம். ஒன்றின் மூக்கு அடுத்ததன் பற்றவைப்பானைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும். பழைய ஃபல்மினேட் செத்துப்போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். நெம்புகோலை 'சும்மா' அசைத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, தெரிந்த துப்பாக்கி வல்லுநரிடம் கொண்டுபோவதுதான் அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் வழக்கம். அந்தக் குண்டு நல்ல நிலையில் கிடைத்துவிட்டால் அதற்கும் தனிச் சந்தை உண்டு. ராக்கெட் பால் சேகரிப்போர் வேறு கூட்டம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், வாசகர்கள் யாராவது ஆர்வத்தில் இணையத்தில் தேடிவிடக்கூடும். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ தயாரானவற்றைப் 'பழம்பொருள்' என்று தனியே பிரித்து விலக்கு அளிக்கிறது. அது அமெரிக்க மத்திய அரசின் சட்டம் மட்டும். அங்கேயே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆயுதச் சட்டங்கள் மிகக் கடுமையானவை. அந்த 1898 வரம்பை நம்பி ஒன்றை வரவழைக்க நினைப்பது தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் வேலை.

பார்க்க ஆசைப்படுவோருக்கு வயோமிங் மாநிலத்தின் கோடி நகரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வின்செஸ்டர் நிறுவனம் சேர்த்து வைத்த துப்பாக்கிகள் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. வால்டர் ஹண்டின் முதல் துப்பாக்கியும் அவற்றில் ஒன்று. உலகத்தில் அது ஒன்றுதான் மிஞ்சியிருப்பதாகத் தெரிகிறது.